கொழும்பு மரதனில் 15ஆம் கிலோமீற்றருக்குப் பிறகு என்ன நடக்கிறது?

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக: "கொழும்பில் முதல் முறையாக அரை மரதன் (21 கிலோமீற்றர்) ஓடினேன். ஜிம்மில் ட்ரெட்மில்லில் 18 கிலோமீற்றர் வரை பயிற்சி எடுத்திருந்தேன். 2 மணி 10 நிமிடத்தில் முடிப்பேன் என்று நினைத்தேன், 2 மணி 38 நிமிடம் ஆனது. முதல் 5 கிலோமீற்றரை 29 நிமிடத்தில் கடந்தேன், 15க்குப் பிறகு கால் என்னுடையதாகவே இல்லை. முழு மரதன் (42 கிலோமீற்றர்) ஓடிய என் நண்பன் 33இல் நடக்கத் தொடங்கியவன் கடைசி வரை நடந்தே வந்தான். மற்றவர்களுக்கும் இப்படித்தானா? பிழை பயிற்சியிலா, சப்பாத்திலா? அடுத்த முறை முழு மரதனுக்குப் பெயர் கொடுக்கலாமா?"

இப்படித்தான். ஓட்டம் முடிந்து, பதக்கத்தைக் கழுத்தில் போட்டபடி புல்லில் காலை நீட்டிக்கொண்டு இருப்பவர்கள் பக்கம் போய்க் கொஞ்சம் காது கொடுத்துப் பாருங்கள். ஒருவர் சப்பாத்தைத் திட்டுவார். ஒருவர் முதல் நாள் இரவு சாப்பிட்ட புரியாணியைத் திட்டுவார். இன்னொருவருக்குத் தண்ணீர் மேசை வைத்த ஆட்கள் மீது கோபம். ஆனால் எந்த இடத்தில் கஷ்டம் தொடங்கியது என்று கேட்டால், அரை மரதன்காரர் 14, 15 என்பார். முழு மரதன்காரர் 30க்குக் கொஞ்சம் முன்பின்னாகச் சொல்வார். ஆளுக்கொரு காரணம் என்றால் ஆளுக்கொரு இடத்தில்தானே விழ வேண்டும்?

நான் இந்த ஊரில் பல வருடங்களாக ஓடுகிறேன், ஓடாத வருடங்களில் தண்ணீர் மேசைக்குப் பின்னால் நிற்கிறேன். இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்ததில் எனக்குத் தெரிவது ஒன்றுதான். இங்கே ஓடுபவர்களில் பெரும்பாலானோர் கொழும்புக் காற்றைக் கணக்கில் எடுக்காத ஒரு வேகத்தில் தொடங்குகிறார்கள். மீதி எல்லாம் அதன் வால்.

காற்று என்று சொன்னதை விளக்குகிறேன். விடிய முன் ஓடினால் குளிர்ச்சி, வெயில் வந்தால்தான் சூடு என்று நினைக்கிறோம். அதிகாலையில் வெப்பநிலை குறைவுதான். ஆனால் அந்த நேரத்தில்தான் சார் ஈரப்பதன், அதாவது அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற கணக்கு, உச்சத்தில் இருக்கும். காலை 5 மணிக்கு 25 பாகை, 90 சதவீத ஈரப்பதன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 மணிக்கு 29 பாகை, 70 சதவீதம். சதவீதம் இறங்கிவிட்டதே என்று சந்தோசப்பட முடியாது. இரண்டிலும் காற்றில் இருக்கும் நீராவி கிட்டத்தட்ட ஒரே அளவு. பனிபடுநிலை, அதாவது அந்த நீராவி பனித்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, இரண்டு நேரத்திலும் 23 பாகை அளவில்தான் நிற்கிறது. ஓடுபவர் பார்க்க வேண்டியது இந்தப் பனிபடுநிலையைத்தான். அது 20ஐத் தாண்டினாலே வேகம் குறையும். கொழும்பில் அது வருடத்தின் பெரும்பகுதியில் 20க்குக் கீழே இறங்குவதே இல்லை. தை, மாசியில் சில விடியற்காலைகள் கொஞ்சம் இரக்கம் காட்டும், அவ்வளவுதான்.

இது ஏன் முக்கியம்? ஓடும்போது உடல் எரிக்கும் சக்தியில் முக்கால் பங்கு அளவு வெப்பமாகத்தான் போகிறது. அந்த வெப்பத்தை வெளியே தள்ள நமக்கு இருக்கும் பெரிய வழி வியர்வை. ஒரு லீற்றர் வியர்வை தோலில் முழுதாக ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். ஆவியானால்தான். சொட்டி விழும் வியர்வை எதையும் குளிர்விக்காது. தண்ணீர் மேசையில் நிற்கும்போது எனக்கு ஆட்களின் முகத்தைவிட முதலில் கேட்பது அவர்களுடைய சப்பாத்துச் சத்தம்தான். மழையே பெய்யாத காலையில் 12, 13ஆம் கிலோமீற்றரில் வருபவர்களின் சப்பாத்து சளப் சளப் என்று கேட்கும். சேர்ட்டிலிருந்து காற்சட்டைக்கும், காற்சட்டையிலிருந்து காலுறைக்கும் இறங்கி உள்ளே தேங்கிய வியர்வை அது. அந்தச் சத்தம் கேட்கிறது என்றால் அவ்வளவு வியர்வையும் வேலை செய்யாமலே வீணாகப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

வெப்பம் வெளியேறாவிட்டால் உடல் இன்னும் அதிக இரத்தத்தைத் தோலுக்கு அனுப்பும். தசைக்குப் போக வேண்டிய பங்கு குறையும். வியர்த்ததில் இரத்தத்தின் நீர்ப்பகுதியும் குறைந்திருக்கும். அதனால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்க வேண்டி வரும். உங்கள் கடிகாரத்தில் இதயத்துடிப்பு வரைபடம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். வேகக்கோடு கீழே சாயத் தொடங்குவதற்கு வெகு முன்னரே துடிப்புக்கோடு மேலே ஏறத் தொடங்கியிருக்கும். கால் 15இல் போனது மாதிரித் தெரியும், கணக்கு 6, 7இலேயே பிழைத்துவிட்டது.

இது சாதாரண ஆட்களுக்கு மட்டும் நடப்பதல்ல. 2019இல் டோஹாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மரதனை வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில் தொடங்கினார்கள். வெயில் இல்லை, ஆனால் வெப்பம் 30 பாகைக்கு மேல், ஈரப்பதன் 70 சதவீதத்துக்கு மேல். 68 பேர் தொடங்கினார்கள், 28 பேர் முடிக்கவில்லை. வென்ற கென்ய வீராங்கனை ரூத் செப்னெகெட்டிச் எடுத்த நேரம் 2 மணி 32 நிமிடம் 43 விநாடி. அதே வருடம் ஜனவரியில் துபாயில் அவர் ஓடியது 2 மணி 17 நிமிடம் 8 விநாடியில். அப்போது உலகத்தில் முதல் வரிசையில் நின்ற ஒருவருக்கே கால் மணி நேரத்துக்கு மேல் கூடியிருக்கிறது. நீங்கள் 28 நிமிடத்துக்காக இப்படி மனம் உடைய வேண்டியதில்லை, தம்பி. டோக்கியோ ஒலிம்பிக்கில் மரதனையும் நடைப் போட்டிகளையும் வடக்கே சப்போரோவுக்குக் கொண்டு போனதும் இந்தப் பயத்தில்தான்.

இனி ட்ரெட்மில். 18 கிலோமீற்றர் ஓடியது வீண் இல்லை, காலுக்குப் பலம் சேர்ந்திருக்கும். ஆனால் ஏசி அறையில், மின்விசிறிக்கு முன்னால் ஓடும் உடல் வியர்வையோடு போராடப் பழகவே இல்லை. நான் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவன், எனக்கு வெக்கை பழக்கம் என்று சொல்லும் ஆட்கள் உண்டு. வீட்டில் ஏசி, வாகனத்தில் ஏசி, அலுவலகத்தில் ஏசி என்று இருப்பவருக்கு எந்தப் பழக்கமும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்து ஓடுபவர்கள் பலர் இங்கத்தைய ஏசிக்காரர்களைவிட நன்றாகத் தாக்குப்பிடிப்பதை நானே பார்த்திருக்கிறேன். நுவரெலியாக் குளிரில் பயிற்சி எடுத்து இறங்கி வருபவர்கள்தான் பாவம். ஆறுதலான விசயம், உடல் இதற்கு விரைவாகவே பழகும். 10 முதல் 14 நாட்கள், நாளுக்கு ஒரு மணி நேரம் அளவில் வெளியே மெதுவாக ஓடினால் வியர்வை முந்தியே வரத் தொடங்கும், இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், அதே வேகத்துக்குத் துடிப்பு குறையும். பழக்கத்தை விட்டால் சில வாரங்களில் போய்விடும் என்பதையும் சொல்ல வேண்டும்.

எந்த வேகத்தில் தொடங்குவது? 2 மணி 10 நிமிடம் என்றால் கிலோமீற்றருக்கு 6 நிமிடம் 10 விநாடி. நீங்கள் முதல் ஐந்தை 5:48 என்ற கணக்கில் போயிருக்கிறீர்கள். ஏசி வேகத்துக்கே அது அதிகம். தொடக்கத்தில் சனக்கூட்டம், பாட்டு, அறிவிப்பு, பக்கத்தில் ஓடுபவனை முந்தும் ஆசை, எல்லாம் சேர்ந்து தள்ளும். உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் 6:45இல் தொடங்கியிருப்பேன். பத்து கிலோமீற்றர் வரை பக்கத்தில் வருபவரோடு முழு வசனமாகக் கதைக்க முடிய வேண்டும். ஒரு சொல், ஒரு மூச்சு என்று வந்தால் வேகம் கூடிவிட்டது. அப்படிப் போயிருந்தால் 2 மணி 22 முதல் 25 நிமிடத்துக்குள் முடித்திருப்பீர்கள் என்பது என் கணிப்பு. கடைசி ஐந்தில் ஆட்களை முந்திக்கொண்டு வந்திருப்பீர்கள். முந்தப்படுவதைவிட அது எவ்வளவோ நல்ல அனுபவம்.

பாதையைப் பற்றி ஒரு சொல். கொழும்பு சமதரை நகரம் என்று எழுதுகிறார்கள், உண்மைதான். ஆனால் நிழல் சமமாக இல்லை. பௌத்தாலோக மாவத்தை, சுதந்திர சதுக்கத்தைச் சுற்றிய வீதிகளில் பெரிய மரங்கள் குடை பிடிக்கும். பாராளுமன்றப் பக்கம் தியவன்னா ஓயாவை ஒட்டிப் போனால் திறந்த வெளி, 8 மணிக்கு மேல் அங்கே ஓடுவது தண்டனை. மரைன் டிரைவில் மரம் இல்லை என்று எல்லோரும் பயப்படுவார்கள், ஆனால் காலையில் அது மோசமில்லை. சூரியன் கிழக்கே, கடல் மேற்கே. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளின் நிழல் கொஞ்ச நேரம் வீதியில் கிடக்கும், கடல் காற்றும் இருக்கும். அந்தப் பக்கம் பயிற்சி எடுப்பவர்கள் ஒரே ஓரத்தில் ஓடாதீர்கள். வீதி ஓரம் தண்ணீர் வடிய என்று சரித்துப் போட்டிருப்பார்கள், ஒரு காலுக்கு மட்டும் வேலை கூடி முழங்காலின் வெளிப்பக்கம் நோகத் தொடங்கும்.

தண்ணீர்தான் ஓட்டத்துக்குப் பிறகு அதிகம் கதைக்கப்படும் விசயம். ஒரு பக்கம், கடைசியில் வந்தவர்களுக்குப் போத்தல் காலி என்ற முறைப்பாடு. அது நியாயமான கோபம். 2 மணி நேரத்தில் முடிப்பவரைவிட 3 மணி நேரம் ஓடுபவருக்குத்தான் தண்ணீர் அதிகம் தேவை, ஆனால் மேசைக்கு முதலில் வருபவர் அவர் இல்லை. மெதுவாக ஓடுபவர் கையில் ஒரு சின்னப் போத்தலோடு போவது நல்லது.

மறுபக்கம், கண்ட கண்ட மேசையில் எல்லாம் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போவது. இது தாகத்தைவிட ஆபத்து. 2002 பொஸ்டன் மரதனில் 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்து 2005இல் ஓர் ஆய்வு வந்தது. 13 சதவீதமானோருக்குச் சோடியம் இருக்க வேண்டிய அளவைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தில் எடை குறையாமல் கூடியவர்களும், 4 மணி நேரத்துக்கு மேல் எடுத்தவர்களும்தான் அதில் கூடுதலாக அகப்பட்டார்கள். தலையிடி, வாந்தி, விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, பேச்சில் தடுமாற்றம், இவை அதன் அறிகுறிகள். இதைத் தாகம் என்று நினைத்து மேலும் தண்ணீர் கொடுப்பது நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிற வேலை.

உங்களுக்கு எவ்வளவு தேவை என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். ஓட முன் உடுப்பில்லாமல் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடிவிட்டு, துடைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லீற்றர் வியர்வை. இடையில் குடித்ததையும் அதோடு கூட்ட வேண்டும். கொழும்பில் ஒரு லீற்றருக்கு மேல் போவது சாதாரணம். அதை முழுதாகக் குடித்து ஈடுகட்ட முயல வேண்டாம், வயிறு தாங்காது. பாதிக்குக் கொஞ்சம் மேல் போதும், அதிலும் ஒரு பகுதி உப்புச் சேர்ந்ததாக இருக்கட்டும். செவ்விளநீர் குடித்தேன், ஆனாலும் கால் பிடித்தது என்று பலர் சொல்வார்கள். செவ்விளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் அதிகம் போவது சோடியம். ஓட்டம் முடிந்த பிறகு குடிக்க அதைவிட நல்லது இல்லை, ஓடும்போது அதை மட்டும் நம்ப முடியாது. பாமசியில் கிடைக்கும் ஜீவனி என்ற உப்பு-சீனித் தூள் பொதியைப் பொதியில் எழுதிய அளவு தண்ணீரில் கரைத்துக் கொண்டுபோவது மலிவான, சரியான வழி. பிரஷர், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம். கால் பிடிப்பதற்கு உப்பு மட்டும் காரணமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பழகாத வேகத்தில் களைத்த தசையும் பிடிக்கும்.

இப்போது உங்கள் நண்பரின் 33. அது வேறு கதை. ஒரு கிலோமீற்றர் ஓட, கிலோ எடைக்கு ஏறக்குறைய ஒரு கிலோகலோரி செலவாகும். 70 கிலோ ஆள் அரை மரதனுக்கு 1,500 அளவில் எரிப்பார், முழு மரதனுக்கு 3,000 அளவில். தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜனாக, அதாவது உடல் தேக்கி வைக்கும் மாப்பொருளாக, சேமித்து வைத்திருப்பது சுமார் 2,000 கிலோகலோரிக்கான இருப்புத்தான். கொழுப்பும் கொஞ்சம் கைகொடுக்கும், ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். அதனால் அரை மரதனில் ஒன்றும் சாப்பிடாமல் தப்பலாம், முழு மரதனில் 30க்குப் பக்கத்தில் இருப்பு தீர்ந்துவிடும். சூட்டில் இன்னும் முந்தித் தீரும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாப்பொருள் உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் அளவு இருக்கும். ஓட்டக்காரர் உறிஞ்சும் இனிப்பு ஜெல் பக்கெட்டின் விலை கட்டுப்படியாகாது என்றால் பேரீச்சம்பழம் நல்லது. எனக்குத் தெரிந்த ஓர் ஐயா பனையோலைக் குட்டானிலிருந்து பனங்கட்டியை உடைத்துச் சின்னத் துண்டுகளாகப் பையில் போட்டுக்கொண்டு ஓடுவார், எட்டு கிலோமீற்றரிலேயே முதல் துண்டு வாய்க்குள் போய்விடும். பசி வந்த பிறகு சாப்பிட்டால் பிந்திவிட்டது. எது கொண்டுபோனாலும் பயிற்சியில் சாப்பிட்டுப் பார்த்ததாக இருக்கட்டும்.

மற்றச் சின்ன முறைப்பாடுகள். கடிகாரம் 21.4 காட்டியது, தூரத்தைக் கூட வைத்துவிட்டார்கள் என்பார்கள். முறைப்படி அளக்கப்படும் பாதையை, ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் அளப்பார்கள். வளைவின் உட்பக்கம் ஒட்டி ஓடினால்தான் 21.0975 வரும். நீங்கள் ஆட்களை முந்த வெளியே போவீர்கள், தண்ணீருக்கு ஓரம் போவீர்கள், உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவில் ஜிபிஎஸ்ஸும் தடுமாறும். நேரத்தைப் பொறுத்தவரை, துவக்குச் சத்தத்திலிருந்து எண்ணுவது ஒன்று, மார்பில் குத்தும் இலக்கத்தாளில் உள்ள, நேரம் பதியும் சிப் தொடக்கக் கோட்டைத் தாண்டியதிலிருந்து எண்ணுவது இன்னொன்று. பின்னால் நின்றவர்கள் இரண்டாவதைப் பாருங்கள். தொடை இடுக்கு, அக்குள், ஆண்களுக்கு மார்புக் காம்பு, பெண்களுக்கு உள்ளாடை விளிம்பு, இவற்றில் வஸ்லின் தாராளமாகப் பூச வேண்டும். ஈரம் காயாத ஊரில் உரசல் இரட்டிப்பு. பருத்திக் காலுறை வேண்டவே வேண்டாம். நகம் கறுத்திருந்தால் சப்பாத்து அரை அளவு சிறிது. சப்பாத்தைப் பற்றிய உங்கள் சந்தேகத்துக்கு அவ்வளவுதான் பதில்.

வலி மாத்திரையைப் பற்றி மட்டும் கடுமையாகச் சொல்கிறேன். தொடங்க முன் ஐபுப்ரோபன், டைக்ளோபெனக் போட்டுக்கொண்டு ஓடுபவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் வற்றிய உடலில் அது சிறுநீரகத்தைத் தாக்கும். செய்யாதீர்கள். அடுத்த நாள் சிறுநீர் கறுப்புத் தேத்தண்ணி நிறத்தில் போனால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், காத்திருக்க வேண்டாம். ஓடும்போது பக்கத்தில் ஒருவர் தள்ளாடினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, உங்கள் நேரத்தை மறந்து அவரை நிப்பாட்டி, நிழலில் இருத்தி, தலை முதல் கால் வரை தண்ணீர் ஊற்றுங்கள். மருத்துவக் குழு பக்கத்தில் இல்லையென்றால் 1990க்கு அழைத்தால் சுவ செரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

கடைசியாக, முழு மரதன். அடுத்த முறையே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். முழு என்பது அரையின் இரு மடங்கு என்று எண்ணில்தான் தெரியும். கொழும்பில் விடிவது 6 மணியளவில். 5 மணிக்கு ஓட்டம் தொடங்கினால் அரை மரதன் ஓடும் நீங்கள் ஏழரைக்கு முடித்துவிடுவீர்கள். அதே ஆள் முழு மரதன் ஓடினால் ஐந்தரை மணி நேரம் எடுக்கலாம், அதில் நாலரை மணி நேரம் வெயிலில். கடைசிப் பத்து கிலோமீற்றரை ஓடும்போது கடைகள் திறந்து, பஸ்களும் ஓட்டோக்களும் ஹோன் அடிக்கத் தொடங்கி, சந்தியில் பொலிஸ்காரரே எப்போது இது முடியும் என்ற முகத்தோடு நிற்பார். உங்கள் நண்பர் நடந்து வந்தது அந்த நேரத்தில்தான். அப்படி வந்தும் முடித்தாரே, அவருக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

இன்னொரு அரை மரதன் ஓடுங்கள். முதல் பாதியையும் இரண்டாம் பாதியையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிக்க முடிந்தால், அதன் பிறகு நாலைந்து மாதம் ஒதுக்கி, ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தை 28, 30 கிலோமீற்றர் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், வெளியே, வீதியில். இப்போதைக்கு ஒரு கிழமை ஓட்டம் வேண்டாம், நடந்தால் போதும். படி இறங்கும்போது தொடை நோவது மூன்றாம், நாலாம் நாள் குறையும். அதற்குப் பிறகு விடியற்காலையில் சுதந்திர சதுக்கத்துப் பக்கம் வாருங்கள். அந்த நேரத்தில் அங்கே குழுக் குழுவாக ஆட்கள் ஓடுவார்கள். உங்களைவிடக் கொஞ்சம் மெதுவாக ஓடும் குழுவாகப் பார்த்துச் சேருங்கள்.